கொம்பைப் பிடிப்பதா, திமிலைப் பிடிப்பதா?

வாசகர் கேள்வி – பதில்: ஆங்கில மரபுத்தொடர்கள்

கேள்வி: ஆங்கில வகுப்பில் 'டேக் த புல் பை த ஹார்ன்ஸ்' என்ற தொடரைப் படித்தோம். 'காளையின் கொம்பைப் பிடித்து அடக்கு' என்று நான் பொருள் எழுதியிருந்ததைப் பார்த்த என் அண்ணன், "நம்ம ஊரில் எவன் கொம்பைப் பிடிக்கிறான்?" என்று கேட்கிறார். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?
— கல்லூரி மாணவி, அலங்காநல்லூர்

பதில்: தங்கள் அண்ணன் கேட்டது மிகச் சரியான கேள்வி. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று வாடிவாசல் திறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மாட்டின் திமிலைத்தான் தழுவ வேண்டும் என்பது தெரியும். கொம்பையோ வாலையோ பிடிப்பவரை விதிப்படி களத்திலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். ஆகவே, சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதிய வாக்கியத்தை நம் பக்கத்து வாசகர் படித்தால், முறை தவறிய ஒரு வீரரைத்தான் மனத்தில் காண்பார். துணிச்சல் என்ற பொருள் அவருக்குத் தோன்றாது.

ஆங்கிலத்தில் இத்தொடருக்குரிய பொருள், ஒரு சிக்கலைத் தள்ளிப்போடாமலும் அதைச் சுற்றி வளைக்காமலும், அதன் கடினமான பகுதியிலேயே நேராகக் கைவைத்துத் தீர்க்க முனைவது என்பதாகும். கடன் கொடுத்தவரைக் கண்டு ஒளிந்துகொண்டிருந்த ஒருவர், ஒருநாள் தாமே அவர் வீட்டுக்குச் சென்று உட்கார்ந்து பேசித் தவணை கேட்டால் அச்செயலுக்கு இத்தொடர் முழுமையாகப் பொருந்தும். தமிழில் 'நேருக்கு நேர் எதிர்கொண்டார்' என்றோ, பேச்சுநடையில் 'வருவது வரட்டும் என்று இறங்கிவிட்டார்' என்றோ எழுதலாம்.

கொம்பு என்ற சொல்லை விட்டுவிடவே மனம் வரவில்லை என்றால் நம் முன்னோர் அதை எவ்வாறு ஆண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கலித்தொகையின் முல்லைக்கலியில், 'கொல்லேற்றுக் கோடஞ்சு வானை மறுமையும் புல்லாளே ஆய மகள்' என்று வருகிறது. கொல்லும் ஏற்றின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் மறுபிறவியில்கூடத் தழுவமாட்டாள் என்பது இதன் பொருள். அங்கே கொம்பு அஞ்சாமைக்கு அளவுகோலாக நிற்கிறதே தவிர, பிடித்துக்கொள்ளும் இடமாக வரவில்லை. ஆங்கிலத் தொடரையும் இந்த அடியையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டால் இரண்டுமே தங்களுக்கு மறக்காது.

இதனோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ரெட் ரேக் டு எ புல்' என்ற தொடருக்கு ஒருவரை உடனே சினமூட்டும் சொல் அல்லது செயல் என்று பொருள். காளைக்குச் சிவப்பு நிறம் நமக்குத் தெரிவதுபோல் தனித்துத் தெரிவதில்லை. துணியின் அசைவே அதைப் பாயச் செய்கிறது. இந்த உண்மையால் தொடரின் பொருள் மாறிவிடாது, ஆனால் தேர்வில் யாரேனும் காரணம் கேட்டால் தவறாக எழுதாதிருக்க உதவும்.

கேள்வி: மத்திய அரசுப் பணித் தேர்வுக்காக, புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள்தோறும் படிக்கிறேன். ஆங்கிலத் தொடர்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?
— பட்டதாரி இளைஞர், ஊமச்சிகுளம்

பதில்: அகர வரிசையை இன்றே விட்டுவிடுங்கள். ஒரே எழுத்தில் தொடங்குகின்றன என்பதைத் தவிர அந்தப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் தொடர்களுக்குள் எந்த உறவும் இல்லை. உறவில்லாதவற்றை மனம் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு தொடரும் எந்தத் தொழிலிலிருந்து, எந்த விளையாட்டிலிருந்து வந்தது என்று பிரித்து அடுக்குங்கள். நம் மொழியில் ஏரும் வயலும் மாடும் கிணறும் சொல்லாட்சிக்குள் நிறைந்திருப்பதுபோல், தீவு நாட்டு மக்களான ஆங்கிலேயரின் பேச்சில் கப்பல் நிறைந்திருக்கிறது.

பாய்மரக் கப்பல் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கிறது என்று கற்க வேண்டும். அதனால் ஒரு வேலையின் நெளிவுசுளிவுகளைக் கற்பது 'லேர்ன் த ரோப்ஸ்' ஆகிறது. காற்று திடீரென முன்பக்கமிருந்து அடித்துப் பாயைப் பாய்மரத்தோடு அழுத்திவிட்டால் கப்பல் திகைத்து நின்றுவிடும்; எதிர்பாராத சொல்லைக் கேட்டு ஒருவர் விக்கித்து நிற்பது 'டேக்கன் அபேக்'. தன் நாட்டுக் கொடியை மறைத்துவந்த கப்பல் நெருங்கியதும் உண்மைக் கொடியை ஏற்றுவதுபோல, ஒருவரின் சுயரூபம் வெளிப்படுவது 'ஷோ ஒன்ஸ் ட்ரூ கலர்ஸ்'. இதிலுள்ள 'கலர்ஸ்' என்ற சொல் கொடியைக் குறிக்கிறது என்று தெரிந்தால் 'சாயம் வெளுத்துவிட்டது' என்ற நம் தொடரோடு இதைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்திவிடமாட்டீர்கள். பயன்படும் இடம் ஏறத்தாழ ஒன்றாயினும் அது துறைமுகத்துப் படம், இது சலவைத்துறைப் படம். எதிர்க்காற்றிலும் பின்காற்றிலும், அதாவது எந்நிலையிலும் கப்பல் எப்படிச் செல்கிறது என்பதைச் சொல்ல மாலுமிகள் வைத்திருந்த 'பை அண்ட் லார்ஜ்' இன்று 'மொத்தத்தில்', 'பெரும்பாலும்' என்ற பொருளில் வழங்குகிறது.

அடுத்து சீட்டாட்டம். முன்னவர் போட்ட இனத்திலேயே தாமும் சீட்டைப் போடுவது 'ஃபாலோ சூட்'. ஒரு கடைக்காரர் விலையைக் குறைத்ததும் தெருவிலுள்ள மற்றவர்களும் குறைப்பதைச் சொல்ல இது ஏற்றது. போக்கர் ஆட்டத்தில் சீட்டுப் பிரிக்கும் முறை யாருடையது என்று காட்டக் கைமாற்றிய பொருள்தான் 'பக்'. பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது 'பாஸ் த பக்'. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஹாரி ட்ரூமன், பொறுப்பு என்னோடு நின்றுவிடுகிறது என்று பொருள்படும் 'த பக் ஸ்டாப்ஸ் ஹியர்' என்ற பலகையைத் தம் மேசைமீது வைத்திருந்தார்.

பிறகு கிரிக்கெட். மூடப்படாத ஆடுகளம் மழையில் நனைந்து வெயிலில் காயும்போது பந்து கண்டபடி எழும்பும். மட்டையாளர் படும் அந்தத் திண்டாட்டமே 'ஸ்டிக்கி விக்கெட்'. நம் நாளிதழ்கள் தேர்தல் செய்திக்கும் எழுதுகிற 'ஹாட்ரிக்' என்ற சொல்லும் இங்கிருந்துதான் வந்தது. 1858-இல் ஷெஃபீல்டு நகரில் எச். எச். ஸ்டீஃபன்சன் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவரை வீழ்த்தியதற்காகப் பணம் திரட்டி அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

இவ்வாறு பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு தொடருக்கும் தங்கள் தெருவில், தங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். அச்சிட்ட எடுத்துக்காட்டை நகலெடுப்பதில் பயனில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தொடர் போதும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மேலாளரின் தந்தையார் காலமானார். இரங்கல் மின்னஞ்சலில் 'கிக் த பக்கெட்' என்ற தொடரை எழுதலாமா? அகராதியில் 'இறந்துபோதல்' என்றுதான் போட்டிருக்கிறது.
— தனியார் நிறுவன ஊழியர், வில்லாபுரம்

பதில்: எழுதவே கூடாது. தங்கள் அகராதி பொருளைச் சரியாகச் சொல்லியிருக்கிறது. அதை யார் யாரிடம் சொல்லலாம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. 'மண்டையைப் போட்டுவிட்டார்' என்று நம் ஊரில் சொல்வதற்கு நிகரானது அந்தத் தொடர். பெரியவர் ஒருவரின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அப்படி அச்சிட்டால் அந்தக் குடும்பம் எத்துணை புண்படுமோ, அத்துணை புண்படும் தங்கள் மேலாளரின் குடும்பமும். 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதியிலேயே இத்தொடர் இடம்பெற்றிருக்கிறது என்பதிலிருந்து அதன் இடம் எது என்று தெரிந்துகொள்ளலாம்.

நன்னூல் மங்கல வழக்கு என்று ஒன்றைத் தனியே வகுத்திருக்கிறது. செத்தார் என்று சொல்லாமல் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் அவ்வழக்கின்பாற்பட்டவை. ஆங்கிலத்தில் அந்த மங்கல வழக்குக்கு நிகராக வழங்குவது 'பாஸ்ட் அவே'. தங்கள் மின்னஞ்சலில் அதை எழுதுங்கள். 'மே ஹிஸ் சோல் ரெஸ்ட் இன் பீஸ்' என்று முழுமையாக எழுதுவதும் தகும். அதைச் சுருக்கி மூன்று எழுத்தில் அனுப்பும் பழக்கம் வாட்ஸ்அப்பில் பெருகிவிட்டது, துக்க வீட்டுக்கு மூன்று எழுத்து போதாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதற்கு, பழங்காலத்தில் கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததுதான் காரணம் என்று ஒரு செய்தி எங்கள் ஆசிரியர் குழுவில் வலம் வருகிறது. மாணவர்களுக்குச் சொல்லலாமா?
— பள்ளி ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: சொல்ல வேண்டாம், அம்மா. அந்தக் கதை 1999 வாக்கில் மின்னஞ்சல் வழியாகப் பரவிய ஒரு கட்டுக்கதைத் தொகுப்பில் இருந்தது. கீற்று வேய்ந்த கூரையைப் பார்த்திருக்கும் நம் பிள்ளைகளே, ஒரு நாய் எதற்காகச் சரிவான கூரைமேல் ஏறிப் படுக்கப்போகிறது என்று கேட்டுவிடுவார்கள். பதினேழாம் நூற்றாண்டிலேயே இத்தகைய தொடர்கள் ஆங்கிலத்தில் வழங்கின. இன்று நாம் சொல்லும் வடிவத்தில் ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-இல் வெளியிட்ட உரையாடல் நூலில் காணப்படுகிறது. அதற்கு முன்பே 1710-இல் அவர் லண்டன் மழையைப் பற்றி எழுதிய கவிதையில், வெள்ளத்தில் செத்த பூனைகளும் மூழ்கிய நாய்க்குட்டிகளும் அடித்துக்கொண்டு போவதைப் பாடியிருக்கிறார். தொடரின் பிறப்பு இதுதான் என்று நிறுவும் சான்று இல்லை என்பதே அகராதியாளர்களின் முடிவு. மாணவர்களிடமும் அப்படியே சொல்லலாம்.

தமிழில் 'வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது' என்பது இதற்கு மிக நெருக்கமானது. இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்: இன்றைய ஆங்கிலப் பேச்சில் இந்தத் தொடர் பழசாகிவிட்டது. 'கொட்டுகிறது' என்ற பொருளில் 'இட்ஸ் போரிங்' என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கேட்டுப் புரிந்துகொள்வதற்காக நாய், பூனைத் தொடரைக் கற்கட்டும். பேசுவதற்கு மற்றதே ஏற்றது.

கேள்வி: 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் நிலவு நீலமாகத் தெரியுமா?
— வாசகர், மேலூர்

பதில்: தெரியாது. 'அத்தி பூத்தாற்போல' என்பதுதான் பொருள். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவை நீலநிலவு என்று சொல்லும் வழக்கம், 1946-இல் ஓர் அமெரிக்க வானியல் இதழில் வெளியான கட்டுரையிலிருந்து பரவியது. அரிது என்ற பொருளில் அத்தொடர் அதற்கு முன்பே இருந்தது. அப்படிப்பட்ட நிலவு சராசரியாக 2 ஆண்டு 8 மாதத்துக்கு ஒருமுறை வரும். 2023 ஆகஸ்டில் வந்தது. அத்திப் பூவோ காய் போன்ற கொத்துக்குள்ளேயே பூத்து அடங்கிவிடுவதால் கண்ணுக்கே படுவதில்லை. அருமையைச் சொல்வதில் நம் தொடர் ஒரு படி மேலே நிற்கிறது.

கேள்வி: 'எலிஃபன்ட் இன் த ரூம்' என்பதற்கு ஒரு கையேட்டில் 'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல்' என்று போட்டிருக்கிறது. சரிதானா?
— வணிகர், ஒத்தக்கடை

பதில்: சரியன்று. இந்தத் தவறு பல கையேடுகளில் இருக்கிறது; ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியிருப்பார்கள் போலும். பூசணிக்காயை மறைப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார். கேட்பவர்கள் அதை நம்புவதில்லை. யானை நிற்கும் அறையில் யாரும் பொய் சொல்வதில்லை. அங்கே இருக்கும் அனைவருக்கும் அந்தச் சிக்கல் தெரியும், அதைப் பேசினால் சங்கடம் வரும் என்று அனைவருமே வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள்.

எடுத்துக்காட்டாக, அண்ணன் தம்பி நால்வர் பெற்றோரின் அறுபதாம் கலியாணச் செலவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். பந்தல், சமையல், ஜவுளி எல்லாம் பேசியாகிவிட்டது. ஆனால் சொத்துத் தகராறில் நீதிமன்றம் போன மூத்த சகோதரியை அழைப்பதா வேண்டாமா என்பதை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. அந்தச் சகோதரியின் பெயர்தான் அந்த வீட்டில் நிற்கும் யானை. இதற்கு நேரான மரபுத்தொடர் தமிழில் வழக்கில் இல்லை. 'எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாயெடுக்காத விஷயம்' என்று விரித்துச் சொல்வதே நல்லது. இல்லாத இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து பொருத்துவதைவிட விளக்கிச் சொல்வது மேல்.

கேள்வி: நான் மனுக்கள் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்' என்பது தவறான ஆங்கிலம், வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள் என்று ஓர் இளைஞர் சொன்னார். இத்தனை ஆண்டுகளாக எழுதியது தவறா?
— மனு எழுதுபவர், திருமங்கலம்

பதில்: தவறில்லை, ஐயா. ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே கடிதங்களில் முறையாக வழங்கிய தொடர் அது. அவர்கள் பின்னர் கைவிட்டார்கள், நாம் வைத்துக்கொண்டோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தமிழில் எழுதும் மனுவில் 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று தாங்கள் முடிப்பீர்கள் அல்லவா, அதே பணிவும் அதே பொருளும் இதற்கு உண்டு. நம் நாட்டு அலுவலகத்துக்குத் தாராளமாக எழுதுங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும்போது மட்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிடுங்கள். 'ஆவன' எவை என்று அங்கே இருப்பவர் தேட வேண்டியிருக்கக் கூடாது.

இந்திய ஆங்கிலம் என்றாலே பிழை என்று எண்ணுவதை நான் ஏற்பதில்லை. முன்கூட்டியே நடத்துவதைக் குறிக்கும் 'ப்ரிபோன்' இன்று ஆக்ஸ்போர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பொருள் மாறும் இடங்களில்தான். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று நாம் படிப்பு முடித்ததைச் சொன்னால், அவர்களில் பலர் மயங்கி விழுந்ததாகப் புரிந்துகொள்வார்கள். அங்கே 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள்.

கேள்வி: ஆங்கில நாளிதழின் வெளிநாட்டுச் செய்தியில் 'பரையா ஸ்டேட்' என்று படித்தேன். இதன் பொருள் என்ன? இதை நாம் பயன்படுத்தலாமா?
— கல்லூரி மாணவர், வாடிப்பட்டி

பதில்: பிற நாடுகளால் ஒதுக்கி வைக்கப்பட்ட நாடு என்ற பொருளில் எழுதுகிறார்கள். அந்தச் சொல் தமிழிலிருந்து போனது. பறை முழக்கிய மக்களின் பெயரைப் பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர் எடுத்துச் சென்றார்கள். பின்னர் அது ஒதுக்கப்பட்டவர் எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. எழுதுகிற வெளிநாட்டவர் பலருக்கு இந்த வரலாறே தெரியாது. நமக்குத் தெரியும். 'துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை' என்று புறநானூற்றின் 335-ஆம் பாட்டு பெருமையோடு சொன்ன ஒரு குடிப்பெயரை இழிவின் அடையாளமாக நம் கையால் எழுத எனக்கு ஒப்புதல் இல்லை. படிக்கும்போது புரிந்துகொள்ளுங்கள், எழுதும்போது 'ஐசலேட்டட்' என்றோ 'அவுட்காஸ்ட்' என்றோ எழுதுங்கள். பொருள் சிறிதும் குறையாது.

கேள்வி: 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் 'அல்வா கொடுத்தல்' என்று சொல்லலாமா?
— வாசகி, சோழவந்தான்

பதில்: 'அல்வா சாப்பிடுவதுபோல' என்று சொல்லுங்கள், எளிதான வேலை என்ற பொருள் வந்துவிடும். 'அல்வா கொடுத்தல்' ஏமாற்றுவதாகும். வினைச்சொல் ஒன்று மாறினால் பொருள் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது, ஆகவே தொடரை முழுதாகவே மனத்தில் வையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் குழுவோடு இணையவழியில் பணியாற்றுகிறேன். 'உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?' என்று நாம் கேட்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?
— மென்பொருள் பணியாளர், கே.கே. நகர், மதுரை

பதில்: 'ஹூ வேர்ஸ் த ட்ரவுசர்ஸ்?' என்பது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் 'பேண்ட்ஸ்' என்பார்கள். வீட்டில் யார் சொல் செல்லும் என்று கேட்பதில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஆங்கிலத் தொடருக்குள், ஆட்சி என்பது ஆணின் உடை, அதை மனைவி எடுத்து அணிந்துகொண்டாள் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. அதனால் கேட்கப்படும் கணவருக்கும் குத்தல், மனைவிக்கும் குத்தல். நம் கேள்வியில் அந்தக் குத்தல் இல்லை. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மைக்கு முறையாகப் பட்டாபிஷேகம் நடக்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரர் முடிசூடும் வரை செங்கோல் அம்மையின் கையில்தான் இருக்கிறது. இங்கே பெண்ணின் ஆட்சி பிடுங்கிக்கொண்டதன்று, உரிமையானது. சிதம்பரத்தில் நடராசர் முதன்மை பெறுகிறார். இரண்டு ஊருமே சிறப்புடையவை என்பதால் எந்த விடை சொன்னாலும் யாருக்கும் தாழ்வில்லை.

ஆகவே, பழகாத சக பணியாளரிடம் ஆங்கிலத் தொடரைப் பயன்படுத்தாதீர்கள். இன்று பலர் அதை விரும்புவதில்லை. மதுரை, சிதம்பரம் என்ற பெயர்களை அப்படியே வைத்து, ஒன்றில் அம்மன் ஆட்சி, மற்றொன்றில் ஐயன் ஆட்சி என்று இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டுக் கேளுங்கள். சென்னையில் இருக்கும் தங்கள் மேலாளருக்கு விளக்கமே தேவைப்படாது.